லக்கி ஸ்ட்ரைக் சிகரெட் பாக்கெட்டின் பச்சை நிறம் போருக்காகக் கைவிடப்பட்டது என்கிறார்களே, உண்மையா?

பாதிதான் உண்மை. பச்சை பாக்கெட் வெள்ளையாக மாறியது 1942-இல். அமெரிக்கா அப்போது போரில் இருந்தது, அச்சு மைக்குத் தேவையான உலோகங்களுக்குத் தட்டுப்பாடும் இருந்தது. இதுவரை சரி. ஆனால் அந்தப் பச்சையை மாற்றலாமா என்ற பேச்சு அதற்கு எட்டு வருடம் முன்பே நடந்துவிட்டது. அப்போது பேசப்பட்ட காரணம் பெண்கள் உடுத்தும் உடை.

நான் அட்டைப்பெட்டி வடிவமைப்பு வேலையில் இருக்கிறேன். புதிதாகச் சேருகிறவர்களுக்கு நிறங்களைப் பற்றிப் பாடம் எடுக்கும்போது, 'நாட்டுக்காகத் தன் நிறத்தையே விட்டுக்கொடுத்த பிராண்ட்' என்று இந்தக் கதையை நானும் பல வருடம் சொல்லியிருக்கிறேன். ஒருமுறை பயிற்சிக்கு வந்த ஒரு பெண், "சார், பச்சை மையில் அப்படி என்ன உலோகம் இருக்கிறது?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அதைத் தேடப் போய்த்தான் மீதிக் கதை கிடைத்தது.

லக்கி ஸ்ட்ரைக் முதலில் சிகரெட்டே இல்லை. 1871-இல் வர்ஜீனியாவின் ரிச்மண்ட் நகரில் ஆர். ஏ. பாட்டர்சன் என்பவர் மெல்லும் புகையிலைக்கு வைத்த பெயர் அது. தங்கம் தேடி அலைந்தவர்களுக்குத் திடீரென்று தங்கம் தட்டுப்பட்டால் சொல்லும் வார்த்தை. 1905-இல் அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி அதை வாங்கியது. 1913-இல் போட்டிக் கம்பெனியான ரெனால்ட்ஸ் கொண்டுவந்த கேமல் சக்கைப்போடு போட்டதும், அதற்குப் பதிலடியாக 1916-இல் லக்கி ஸ்ட்ரைக்கைச் சிகரெட்டாக இறக்கினார்கள். சிவப்பு வட்டம், சுற்றிலும் அடர்பச்சை, பொன்னிறக் கரை. 'இது வறுத்தெடுத்தது' என்று ஒரு வாசகம். புகையிலையைச் சூட்டில் பதப்படுத்துவது மற்ற கம்பெனிகளும் செய்ததுதான். முதலில் உரக்கச் சொன்னவர்கள் இவர்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

1925-இல் ஜார்ஜ் வாஷிங்டன் ஹில் அந்தக் கம்பெனியின் தலைவரானார். பெண்களையும் புகைக்க வைத்தால் சந்தை இரட்டிப்பாகும் என்று கணக்குப் போட்டவர். 1928-இல் 'இனிப்புக்குப் பதில் ஒரு லக்கி' என்று விளம்பரம் செய்தார். உடல் மெலிய வேண்டும் என்ற ஆசையைக் குறிவைத்த விளம்பரம் அது. மக்கள் தொடர்புத் துறையின் முன்னோடிகளில் ஒருவரான எட்வர்ட் பெர்னேஸையும் வேலைக்கு வைத்துக்கொண்டார். சிக்மண்ட் பிராய்டின் தங்கை மகன் இவர். 1929 ஈஸ்டர் அன்று நியூயார்க்கின் ஐந்தாம் அவென்யூவில் இளம்பெண்களைப் புகைத்தபடி நடக்கவைத்து, அந்தச் சிகரெட்டுகளை 'விடுதலையின் தீப்பந்தங்கள்' என்று செய்தியாக்கியவர். பெண் விடுதலை என்ற சொல்லை நிஜமாகவே போராடிய பெண்களிடமிருந்து எடுத்து ஒரு சிகரெட்டில் ஒட்டிய வேலை இது. எனக்கு இன்றும் ஆறவில்லை.

அப்புறம் 1934. அந்தப் பச்சை பாக்கெட் தங்கள் உடைகளோடு பொருந்தவில்லை என்று பெண்கள் வாங்கத் தயங்குகிறார்கள் என்று ஹில் பெர்னேஸிடம் சொல்கிறார். எல்லா உடைக்கும் ஒத்துப்போகிற நிறத்துக்கு மாற்றிவிடுங்கள் என்கிறார் பெர்னேஸ். இந்த பாக்கெட்டை விளம்பரப்படுத்தப் பல மில்லியன் டாலர் செலவழித்திருக்கிறேன், மாற்ற முடியாது என்கிறார் ஹில். அப்படியானால் பச்சையையே நாகரிகமாக்கிவிடலாம் என்கிறார் பெர்னேஸ். அவரே தன் நினைவுகளில் எழுதிவைத்திருக்கும் உரையாடல் இது.

சொன்னதைச் செய்தும் காட்டினார். வால்டார்ஃப் அஸ்டோரியா ஹோட்டலில் பெண்களுக்கான ஒரு மருத்துவமனையின் நிதிக்காகப் 'பச்சை நடன விருந்து'. வருகிற பெண்கள் எல்லோரும் பச்சை உடுத்த வேண்டும். பெயர் சொல்ல விரும்பாத ஒருவர் 25,000 டாலர் வரை செலவை ஏற்பார் என்று சொல்லியிருந்தார். பட்டுத் துணிக் கம்பெனி, ஃபேஷன் பத்திரிகைக்காரர்கள், பச்சை மனத்துக்கு என்ன செய்யும் என்று பேச ஓர் உளவியலாளர் என்று ஒவ்வொருவராக உள்ளே இழுத்தார். சிகரெட்டின் பெயரை எங்கும் உச்சரிக்கவே இல்லை. ஒரு பாக்கெட்டின் நிறத்தை மாற்ற மனமில்லாமல் ஊரின் ரசனையையே மாற்றக் கிளம்பிய வேறு ஆளை என் தொழிலில் நான் கேள்விப்பட்டதில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் பச்சை நிலைக்கவில்லை. 1940-இல் ஹில், வடிவமைப்பாளர் ரேமண்ட் லோவியிடம் போய், இந்த பாக்கெட்டை உன்னால் மேம்படுத்த முடியாது என்று 50,000 டாலர் பந்தயம் கட்டினார். லோவி செய்தது கொஞ்சம்தான், ஆனால் எனக்கு அதுதான் இந்தக் கதையிலேயே அழகான இடம். பச்சையை எடுத்துவிட்டு வெள்ளையாக விட்டார். அச்சடிக்கிறவர்களுக்கு இதன் அர்த்தம் உடனே புரியும்: தாள் முழுக்கப் பூச வேண்டிய ஒரு மை மிச்சம். முன்பக்கம் மட்டும் இருந்த சிவப்பு வட்டத்தைப் பின்பக்கமும் வைத்தார். பின்னால் இருந்த எழுத்துகளைப் பக்கவாட்டுக்குத் தள்ளினார். மேஜையில் எப்படிப் போட்டாலும், காலி பாக்கெட்டைத் தெருவில் எறிந்தாலும், எப்படியும் ஒரு வட்டம் மேலே தெரியும்.

வெள்ளை பாக்கெட் கடைக்கு வந்தது 1942-இல். அந்த நவம்பரில் வானொலியில் 'லக்கி ஸ்ட்ரைக்கின் பச்சை போருக்குப் போய்விட்டது' என்று திரும்பத் திரும்ப முழங்கினார்கள். அமெரிக்கப் படைகள் வட ஆப்பிரிக்காவில் இறங்கிய மாதம் அது. லக்கி ஸ்ட்ரைக் விளம்பரதாரராக இருந்த 'இன்ஃபர்மேஷன் ப்ளீஸ்' என்ற அறிவுசார் வானொலி நிகழ்ச்சியின் தயாரிப்பாளர் டான் கோலன்பால், என் நிகழ்ச்சியின் பெயரையே இந்த வாசகம் கெடுக்கிறது என்று நீதிமன்றம் வரை போனார். தடை கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டு நிகழ்ச்சி வேறு விளம்பரதாரரிடம் போனது.

அந்தப் பெண் கேட்ட கேள்விக்கு வருகிறேன். பச்சை மைக்குக் குரோமியம், பொன்னிறக் கரைக்குச் செம்பு. இரண்டுமே போருக்குத் தேவைப்பட்டவை, இரண்டுக்கும் தட்டுப்பாடு நிஜம். அதனால் முழுப்பொய் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் எப்போதோ கழற்ற நினைத்த சட்டையைக் கழற்றிவிட்டு, அதைத் தானம் என்று அறிவித்தார்கள்.

லோவி எழுத்துகளைத் தள்ளிவிட்ட அந்தப் பக்கவாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1966 ஜனவரி 1 முதல் அமெரிக்க சிகரெட் பாக்கெட்டுகளில் உடல்நல எச்சரிக்கை கட்டாயமானபோது, அது போய் உட்கார்ந்ததும் பக்கவாட்டில்தான். முன்னும் பின்னும் வட்டம் அப்படியே இருந்தது. இப்போது வகுப்பில் நான் பச்சை பாக்கெட்டையும் வெள்ளை பாக்கெட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, முதலில் பக்கவாட்டைத் திருப்பிப் படிக்கச் சொல்கிறேன்.