அமெரிக்காவில் துப்பாக்கியை வெளியே எடுத்துச் செல்ல பெர்மிட் வாங்கியவர்கள் அதைத் தினமும் கூடவே எடுத்துச் செல்கிறார்களா, இல்லை கொஞ்ச நாளில் விட்டுவிடுகிறார்களா?

முதல் மூன்று நாலு மாதம் விடாமல் எடுத்துக்கொண்டு போவார்கள், அப்புறம் வார இறுதியில் மட்டும், அப்புறம் வெளியூர்ப் பயணத்துக்கு மட்டும், அப்புறம் அது காரிலோ அலமாரியிலோ தங்கிவிடும். எனக்குத் தெரிந்த பெர்மிட்காரர்களில் முக்கால்வாசிப் பேருடைய கதை இதுதான், என் கதையும் இதேதான். டெக்சஸில், ஹூஸ்டனுக்கு மேற்கே இருக்கிறேன். 2017-இல் பெர்மிட் வாங்கினேன், ஏறக்குறைய ஒன்றரை வருடம் எடுத்துச் சென்றேன், பிறகு நிறுத்திவிட்டேன். பெர்மிட் மட்டும் இன்னும் பர்சில் இருக்கிறது. ஏன் நிறுத்தினேன், நிறுத்திய பிறகும் ஏன் பெர்மிட்டை வைத்திருக்கிறேன் என்று சொன்னால் உங்கள் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும் என்று நினைக்கிறேன்.

எனக்கு ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை, பின்மாலை ஷிப்ட், முடிய இரவு பதினொன்றரை ஆகும். 2016 கடைசியில் என்னோடு வேலை செய்யும் ஒரு பெண்ணை எங்கள் பார்க்கிங்கிலேயே கத்தியைக் காட்டி மிரட்டி, கைப்பையையும் கார் சாவியையும் பிடுங்கிக்கொண்டு போனார்கள். அவளுக்கு அடி எதுவும் படவில்லை, ஆனாலும் அடுத்த இரண்டு வாரம் நாங்கள் யாரும் தனியாக வெளியே போகவில்லை. அந்தச் சமயத்தில்தான் எனக்கு கிரீன் கார்டு வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. (இது தெரியாத நம்மவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அதனால் சொல்கிறேன்: எச்1பி, எச்4 மாதிரி தற்காலிக விசாவில் இருப்பவர்கள், வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகள் தவிர, இங்கே துப்பாக்கி வாங்கவோ வைத்திருக்கவோ கூடாது, அது மத்திய அரசுக் குற்றம். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு அந்தத் தடை இல்லை.) கணவரிடம் பேசினேன், அவருக்கு அரை மனதுதான், ஆனாலும் இரவில் தனியாக வருகிறவள் நான் என்பதால் சரி என்றார்.

வகுப்பு ஒரு சனிக்கிழமை, கிட்டத்தட்ட ஆறு மணி நேரம். சட்டம்தான் முக்கால்வாசி: எங்கே எடுத்துப் போகலாம், எங்கே கூடாது, எப்போது சுடலாம். ஒரு எழுத்துத் தேர்வு. அப்புறம் ரேஞ்சில் (சுடப் பழகும் இடம்) 50 தோட்டா சுட வேண்டும், 3 கஜத்திலிருந்து 20, 7 கஜத்திலிருந்து 20, 15 கஜத்திலிருந்து 10. மொத்தம் 250 புள்ளி, 175 எடுத்தால் தேர்ச்சி. கட்டணம் அப்போது 140 டாலர், அதே வருடம் செப்டம்பரில் 40 டாலராகக் குறைத்துவிட்டார்கள்.

வகுப்பு எடுத்தவர் ஓய்வுபெற்ற போலீஸ்காரர், நிதானமான மனிதர். டெக்சஸில் இந்த பெர்மிட் எப்படி வந்தது என்பதை அவர் சொன்ன விதம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. 1991 அக்டோபர் 16, கில்லீன் ஊரில் லூபீஸ் என்ற சாப்பாட்டுக் கடைக்குள் ஒருவன் வண்டியை மோதி நிறுத்திவிட்டு, மதியச் சாப்பாட்டுக்கு வந்திருந்தவர்களைச் சுட்டுத் தள்ளினான். 23 பேர் இறந்தார்கள். அங்கே தன் அப்பா அம்மாவோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் சுசானா ஹப். அவரிடம் சொந்தக் கைத்துப்பாக்கி இருந்தது, ஆனால் உடம்பில் மறைத்து வைத்துப் போவது அப்போது குற்றம் என்பதால் அதைக் காரிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். பெற்றோர் இருவரையும் அன்று இழந்தார். பிறகு ஊர் ஊராகப் போய் சட்டமன்றக் குழுக்களுக்கு முன்னால் இதைச் சாட்சியாகச் சொன்னார். 1993-இல் அப்போதைய கவர்னர் ஆன் ரிச்சர்ட்ஸ் மசோதாவைத் தடுத்தார், 1995-இல் ஜார்ஜ் புஷ் (மகன் புஷ், அப்போது கவர்னர்) கையெழுத்துப் போட்டார், 1996-இலிருந்து பெர்மிட் நடைமுறைக்கு வந்தது. அந்த வருடமே ஹப் சட்டமன்றத்துக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆக, "துப்பாக்கி காரில் இருந்தது" என்ற ஒரு வரியிலிருந்து பிறந்த சட்டம் இது. எனக்கு என்ன நடந்தது என்று சொல்வதற்குள் இந்த வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் வாங்கியது கிளாக் 43 என்ற கைத்துப்பாக்கி. சின்னதுதான், ஆனால் தோட்டா நிரப்பினால் அறுநூறு கிராமுக்கு மேல் வரும். அரைக் கிலோவுக்கு மேல் ஒரு பொருளை இடுப்பில் செருகிக்கொண்டு எட்டு மணி நேரம் உட்கார்ந்து, குனிந்து, நிமிர்ந்து பாருங்கள், தெரியும். அதற்கு உறை வேண்டும், உறை நிற்க விறைப்பான தடித்த பெல்ட் வேண்டும், பெல்ட் போட அதற்கேற்ற பேண்ட் வேண்டும், மேலே தொளதொளவென்று சட்டை வேண்டும். ஆண்களுக்கு இது ஒரு தொல்லை என்றால் நமக்கு மூன்று தொல்லை. சுடிதாரில் பெல்ட் எங்கே மாட்டுவது? புடவை கட்டிய நாள் என்றால் கேட்கவே வேண்டாம். வயிற்றைச் சுற்றிக் கட்டும் எலாஸ்டிக் பட்டை ஒன்று வாங்கினேன், ஆகஸ்ட் மாதம், 37 டிகிரி, ஹூஸ்டன் ஈரக் காற்று, இரண்டே வாரத்தில் இடுப்பெல்லாம் வேர்க்குரு. துணிக்கு மேலே துப்பாக்கியின் உருவம் தெரிந்தால் அதை 'பிரிண்டிங்' என்பார்கள். கடையில் மேல் அடுக்கிலிருந்து ஒரு டப்பாவை எட்டி எடுப்பதற்குக்கூட, சட்டை தூக்கிவிடுமோ என்று யோசிக்க வேண்டியிருந்தது. கழிவறைக்குப் போனால் அதை எங்கே வைப்பது என்பது தனிப் பிரச்சினை. இதையெல்லாம் வகுப்பில் யாரும் சொல்வதில்லை.

இதற்கும் மேலே, என் மகளுக்கு அப்போது ஒன்றரை வயது. நாம் பிள்ளையைத் தூக்குவது இடுப்பில். உறை இருக்கும் பக்கம் அவளை உட்கார வைக்க முடியாது, மற்ற பக்கம் வைத்தால் அவள் காலால் உதைக்கிற இடத்தில் அது இருக்கும். வீட்டுக்குள் வந்ததும் முதல் வேலையாக அதைக் கழற்றிப் பூட்ட வேண்டும், ஆனால் கதவைத் திறந்ததும் காலைக் கட்டிக்கொள்கிற குழந்தையை "இரு, அம்மா இதோ வந்துட்டேன்" என்று விலக்கிவிட்டு அலமாரிக்கு ஓடுவது ஒவ்வொரு முறையும் மனசை என்னவோ செய்தது.

எடுத்துப் போக முடியாத இடங்கள் வேறு. தபால் நிலையம், கோர்ட், பள்ளிக் கட்டடம், வாக்குச்சாவடி, பாதிக்கு மேல் வருமானம் மதுவிலிருந்து வரும் கடை (வாசலில் சிவப்பு எழுத்தில் 51 என்று போட்டிருப்பார்கள்), இவையெல்லாம் சட்டப்படியே கூடாது. அது போக, எந்தத் தனியாரும் தன் வாசலில் 30.06 என்ற பிரிவு எண்ணோடு ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் பெரிய எழுத்தில் பலகை மாட்டிவிட்டால் பெர்மிட் இருந்தாலும் உள்ளே கொண்டுபோகக் கூடாது. என் வேலை இடத்தில் அந்தப் பலகை இருந்தது. டெக்சஸில் 2011-இலிருந்து, பூட்டிய சொந்தக் காருக்குள் துப்பாக்கி வைத்திருக்கும் ஊழியரைப் பெரும்பாலான முதலாளிகள் தடுக்க முடியாது, அதனால் காரில் வைக்கலாம். சரி, யோசித்துப் பாருங்கள். நான் பயந்தது கட்டட வாசலிலிருந்து கார் வரை உள்ள அந்த இருநூறு அடிக்காக. அந்த இருநூறு அடியிலும் துப்பாக்கி காரில் இருந்தது. நான் வாங்கியதே எதற்காகவோ, அந்த நடைக்கு மட்டும் அது என்னிடம் இல்லை. இது எனக்கு உறைக்கவே நாலைந்து மாதம் ஆனது. காரில் வைப்பதற்கோ பெர்மிட்டே தேவையில்லை, 2007-இலிருந்தே டெக்சஸில் சொந்தக் காருக்குள் மறைவாக வைத்துக்கொள்ளலாம்.

பேர்லாந்து மீனாட்சி கோயிலுக்குப் போகும் ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கே அதை உள்ளே கொண்டுபோக மனசு வராது. அப்போதும் காரில்தான். இப்படி இறக்கி, பூட்டி, மறுபடி எடுத்து மாட்டி, தோட்டா நிரப்பிய துப்பாக்கியை ஒரு நாளில் நாலைந்து தடவை கையாள்கிறோம், ஒவ்வொரு தடவையும் ஒரு தவறுக்கு வாய்ப்பு. காரை உடைத்துத் திருடுகிறவர்கள் தேடுவதே இதைத்தான் என்று இங்கே போலீஸ் திரும்பத் திரும்பச் சொல்கிறது. பாதிநாள் எடுத்துப்போவது, பாதிநாள் காரில் போட்டுவைப்பது என்ற இந்த இடைநிலைதான் எல்லாவற்றிலும் மோசம் என்பது என் உறுதியான கருத்து, பெர்மிட் வாங்கியவர்களில் நிறையப் பேர் வந்து நிற்பதும் இந்த இடத்தில்தான்.

பெல்ட் தொல்லைக்காக நான் கொஞ்ச நாள் கைப்பையில் வைத்தேன். 2018 கோடையில் அம்மா ஈரோட்டிலிருந்து ஆறு மாதத்துக்கு வந்திருந்தார். ஒரு நாள் சமையலறை மேடையில் பையை வைத்துவிட்டுத் திரும்பினேன், பாப்பா நாற்காலியில் ஏறி ஜிப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள். பையில் துப்பாக்கி இருந்த பகுதியின் ஜிப் அது இல்லை. ஆனால் அம்மா பார்த்துவிட்டார். கத்தவில்லை. பையை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, "பயம் வெளியிலதானடி இருந்துச்சு, அதை ஏன் வீட்டுக்குள்ள கூட்டிட்டு வந்தே?" என்றார். 2014 டிசம்பர் கடைசியில் ஐடஹோ மாநிலத்தில் ஹேடன் என்ற ஊரில் ஒரு வால்மார்ட்டில் நடந்தது எனக்கு ஏற்கெனவே தெரியும்: பெர்மிட் வைத்திருந்த ஒரு இளம் தாய், துப்பாக்கிக்கென்றே தனி அறை வைத்துத் தைத்த கைப்பை, தள்ளுவண்டியில் உட்கார்ந்திருந்த இரண்டு வயது மகன். அந்தக் குழந்தையின் கையில் அது வெடித்து அந்த அம்மா அங்கேயே இறந்துபோனார். தெரிந்தும் நான் பையில் வைத்திருந்தேன். அன்று இரவு எடுத்துப் பூட்டினதுதான், அதற்குப் பிறகு ரேஞ்சுக்குத் தவிர வெளியே கொண்டுபோனதில்லை.

பையில் வைப்பவர்களுக்கு இன்னொன்று நடக்கும், மறந்துவிடுவார்கள். 2023-இல் அமெரிக்க விமான நிலையச் சோதனைகளில் 6,737 துப்பாக்கிகள் பிடிபட்டன, அவற்றில் 93 சதவீதம் தோட்டா நிரப்பியவை. அட்லாண்டா முதல் இடம், அடுத்து டாலஸ், அடுத்து எங்கள் ஹூஸ்டன். பிடிபட்டவர்கள் வழக்கமாகச் சொல்வது, பையில் இருந்ததே ஞாபகம் இல்லை என்பதுதான்.

நாடு முழுக்க எப்படி என்று கேட்டால், பியூ ஆய்வு மையம் 2017-இல் கேட்டபோது, கைத்துப்பாக்கி வைத்திருப்பவர்களில் எப்போதுமோ பெரும்பாலான நேரமோ வெளியே எடுத்துச் செல்வதாகச் சொன்னவர்கள் கால்வாசிப் பேர்தான். இன்னொரு தேசிய ஆய்வில், 2015-இல் மாதம் ஒரு தடவையாவது எடுத்துச் சென்றவர்கள் சுமார் 90 லட்சம் பேர், தினமும் என்றால் 30 லட்சம். அதையே 2019-இல் மறுபடி எடுத்தபோது 1.6 கோடியும் 60 லட்சமுமாக ஏறியிருந்தது. இது பெர்மிட்காரர்களை மட்டும் எண்ணிய கணக்கு இல்லை. எண்ணிக்கை கூடிக்கொண்டே போகிறது, ஆனால் தினமும் எடுத்துச் செல்பவர்கள் எடுத்துச் செல்கிறவர்களிலேயே சிறுபான்மை. எங்களைச் சுற்றிப் பார்த்ததற்கும் இதற்கும் பொருந்துகிறது.

விடாமல் எடுத்துச் செல்கிறவர்களும் இருக்கிறார்கள், அவர்களை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். என்னோடு வேலை செய்யும் ஒருவரின் கணவர் பதினைந்து வருடமாக ஒரு நாள் விடாமல் எடுத்துச் செல்கிறார். சொந்தப் பட்டறை, பலகை மாட்டிய முதலாளி யாரும் இல்லை, வீட்டில் சின்னப் பிள்ளைகள் இல்லை, குடிப்பதில்லை, எல்லா பேண்ட்டும் அந்த உறைக்கு ஏற்ற அளவில் வாங்குகிறார், மாதம் இரண்டு தடவை ரேஞ்சுக்குப் போகிறார். காலையில் வாட்ச் கட்டுவது மாதிரி மாட்டுகிறார், படுக்கப் போகும்போதுதான் கழற்றுகிறார். பயத்தினால் வாங்கியவர்கள் பயம் குறைந்ததும் விடுகிறார்கள். அவர் அதைத் தன் அன்றாடமாக ஆக்கிக்கொண்டார், அதற்கு அவர் வாழ்க்கையும் இடம் கொடுத்தது.

எடுத்துச் செல்லாத நான் 2021-இல் ஏன் புதுப்பித்தேன் என்று கேட்கலாம், அதுவும் அந்த செப்டம்பரிலிருந்து டெக்சஸில் 21 வயதான, சட்டத் தடை எதுவும் இல்லாத யாரும் பெர்மிட் இல்லாமலே எடுத்துச் செல்லலாம் என்று ஆகிவிட்ட பிறகு. இப்போது 29 மாநிலங்களில் அப்படித்தான். காரணம் இதுதான்: பெர்மிட் இருந்தால் அதை ஏற்கும் மற்ற மாநிலங்களிலும் செல்லும். பள்ளியைச் சுற்றி ஆயிரம் அடிக்குள் துப்பாக்கியோடு போகக் கூடாது என்ற மத்தியச் சட்டத்தில் அந்த மாநில பெர்மிட் உள்ளவர்களுக்கு விலக்கு உண்டு. ரேஞ்சுக்குப் போகும் வழியில் எத்தனை பள்ளி இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். 40 டாலர், ஐந்து வருடம். அதனால் பெர்மிட் எண்ணிக்கையை வைத்து இத்தனை பேர் இடுப்பில் துப்பாக்கியோடு திரிகிறார்கள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

நீங்கள் வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தால், பணம் கட்டுவதற்கு முன் அசல் எடையிலேயே பயிற்சிக்கென்று நீல நிறத்தில் சுடாத துப்பாக்கி விற்கிறார்கள், அதையும் ஒரு உறையையும் வாங்கி இரண்டு வாரம் வேலைக்கு, கடைக்கு, பிள்ளையைக் கூப்பிடப் பள்ளிக்கு என்று உங்கள் வழக்கமான நாளை நடந்து பாருங்கள், வாசல் பலகையைக் கண்டு எத்தனை தடவை கழற்ற வேண்டியிருக்கும் என்று எண்ணுங்கள். பள்ளிக்கோ கோர்ட்டுக்கோ உள்ளே மட்டும் அந்தப் பொம்மையைக்கூடக் கொண்டுபோகாதீர்கள், பார்க்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது.

என்னுடையது படுக்கையறை அலமாரியில், நம்பர் பூட்டுப் போட்ட இரும்புப் பெட்டியில் இருக்கிறது. மாதம் ஒரு தடவை ரேஞ்சுக்குப் போகிறேன், கை மறந்துவிடக் கூடாது என்பதற்காக. ஷிப்ட் முடிந்ததும் கீழே வாசலில் இருக்கும் காவலாளிக்கு ஒரு போன் போடுகிறேன், கார் வரை கூடவே வந்து, வண்டி கிளம்பிய பிறகுதான் திரும்பிப் போகிறார். நான் வேலையில் சேர்ந்த நாளிலிருந்தே அந்த ஏற்பாடு இருந்திருக்கிறது, 2018 வரை எங்களில் யாரும் கேட்டதில்லை.