கண்ணில் அடைப்பு, கையில் ஏன் ரத்தம் எடுக்கிறார்கள்?

கேள்வி: அப்பாவுக்கு வயது 61. வலது கண்ணில் விழித்திரைச் சிரையின் கிளை ஒன்று அடைபட்டுப் பார்வை மங்கிவிட்டது. ரத்தப் பரிசோதனைகள் பல எழுதித் தந்திருக்கிறார்கள். ரத்தத்தில் எதைத் தேடுகிறார்கள்? 'ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ்' அளவையும் பார்த்து ஆன்டிஆக்சிடன்ட் மாத்திரை கொடுக்கலாமா?

பதில்: விழித்திரையில் தமனியும் சிரையும் குறுக்கிடும் இடத்தில் இரண்டையும் ஒரே உறை சுற்றியிருக்கும். நெடுநாள் ரத்தக்கொதிப்பால் தமனிச் சுவர் தடித்து விறைத்தால், பக்கத்திலுள்ள மெல்லிய சிரை நசுங்கும். ரத்தம் தேங்கி உறையும். கிளைச் சிரை அடைப்பு பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. ஆகவே ரத்த அழுத்தம்தான் முதலில். அதையும் வெவ்வேறு நாட்களில் பாருங்கள். அடுத்து எச்பிஏ1சி (கடந்த மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டுவது; 6.5 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் நீரிழிவு), கொலஸ்ட்ரால், கிரியேட்டினின் (சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டுவது), முழு ரத்த எண்ணிக்கை. கண் அழுத்தத்தையும் அளக்கச் சொல்லுங்கள். க்ளாக்கோமாவும் (கண் அழுத்த நோய்) இந்த அடைப்புக்கு ஒரு காரணம்.

பட்டியலில் ஹோமோசிஸ்டீன் (ரத்தத்தில் உள்ள ஓர் அமினோ அமிலம்; கூடினால் ரத்த நாள அடைப்போடு தொடர்புபடுத்தப்படுவது) இருந்தால் கொஞ்சம் கவனம் தேவை. வழக்கமான அளவு லிட்டருக்கு 5 முதல் 15 மைக்ரோமோல். வெறும் வயிற்றில் எடுத்த ரத்தத்தை உடனே ஐஸில் வைத்து, ஒரு மணி நேரத்துக்குள் பிளாஸ்மாவை (ரத்தத்தின் திரவப் பகுதி) பிரித்துவிட வேண்டும். தாமதித்தால் குழாயில் இருக்கும் சிவப்பணுக்களே அதை வெளியிட்டுக்கொண்டிருக்கும். இல்லாத உயர்வு அறிக்கையில் ஏறிவிடும். உயர்வு உண்மையானால் பி12, ஃபோலேட், சிறுநீரகம், தைராய்டு நான்கையும் பாருங்கள். நெடுநாள் மெட்ஃபார்மின் (சர்க்கரை நோய் மாத்திரை) சாப்பிடுபவர்களுக்கு பி12 குறைவது சகஜம்.

இனி ஆக்சிடேட்டிவ் ஸ்ட்ரெஸ். ஃப்ரீ ராடிக்கல்கள் எனும் எளிதில் வினைபுரியும் மூலக்கூறுகள், உடல் சமாளிக்கும் அளவை மீறிப் பெருகிச் செல்களைத் தாக்கும் நிலை இது. அவற்றை அடக்குபவையே ஆன்டிஆக்சிடன்ட்கள். விழித்திரை ஆக்சிஜனை ஏராளமாகச் செலவழிக்கும் திசு. அதன் செல் சவ்வுகளில் எளிதில் ஆக்சிஜனேற்றம் அடையும் கொழுப்பு அமிலங்கள் மிகுதி. அடைப்பால் ஓட்டம் தடைபடும்போது ஃப்ரீ ராடிக்கல்கள் பெருகி அந்தக் கொழுப்பைத் தாக்குகின்றன. அந்தச் சிதைவில் பிறப்பது மாலாண்டியால்டிஹைடு. ஆனால் ரத்தத்தில் அது கூடுவதற்குப் புகைப்பழக்கமும் சர்க்கரை நோயுமே போதும். கண்ணிலிருந்துதான் வந்தது என்று சொல்ல வழியில்லை. அதை அளக்கப் பரவலாகச் செய்யப்படும் தயோபார்பிட்யூரிக் அமிலச் சோதனை வேறு பொருள்களோடும் வினைபுரியும். சிவப்பணு உடைந்த ரத்தத்தில் எண் தாறுமாறாகும். இந்த அளவை வைத்து எந்தச் சிகிச்சையும் முடிவாவதில்லை. பணத்தை இதில் செலவழிக்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

மாத்திரையும் வேண்டாம். அதிக அளவு வைட்டமின் ஈ, வார்ஃபரின் (ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து) எடுப்பவருக்கு ரத்தக்கசிவைக் கூட்டலாம். பீட்டா கரோட்டின் மாத்திரை புகைப்பவர்களிடம் நுரையீரல் புற்றுநோயை அதிகரித்தது. அப்பா புகைப்பவரானால் அதை நிறுத்தச் செய்வது எந்த மாத்திரையையும்விடப் பலன் தரும்.

ரத்த அறிக்கைக்காகக் கண் சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். இந்த அடைப்பால் மாகுலாவில் (விழித்திரையின் நடுப்பகுதி) வரும் வீக்கத்துக்கான ஊசி தாமதமானால், பின்னால் வீக்கம் வடிந்தாலும் இழந்த பார்வை முழுதும் திரும்பாமல் போகலாம்.

கேள்வி: எனக்கு வயது 34, இதே நோய். ரத்தக்கொதிப்பு, சர்க்கரை இல்லை.

பதில்: உங்களுக்கு ரத்தம் உறைதல் தொடர்பான பரிசோதனைகள் பொருந்தும். ஆன்டிபாஸ்போலிப்பிட் எதிர்ப்பொருள் (ரத்தம் எளிதில் உறையச் செய்வது) இருந்தால், குறைந்தது 12 வாரம் கழித்து மறுபடி பார்த்த பிறகே உறுதி செய்வார்கள். வார்ஃபரின் எடுக்கும்போது புரோட்டீன் சி, எஸ் (ரத்தம் உறைவதைக் கட்டுப்படுத்தும் இயற்கைப் புரதங்கள்) அளவுகள் பொய்யாகக் குறைந்து தெரியும். என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்பதை ரத்தம் கொடுக்குமுன் ஆய்வகத்தில் சொல்லிவிடுங்கள்.