‘நான் நோயாளி இல்லை’ என்கிறான் மகன்

கேள்வி: என் மகனுக்கு 6 வயதில் இரத்தப் புற்றுநோய் (ஏ.எல்.எல்.) வந்து, இரண்டரை ஆண்டு சிகிச்சையில் குணமானது. இப்போது வயது 15. மொட்டைத் தலையோடு இருக்கும் பழைய படங்களைக் கிழித்துவிட்டான். ஆண்டுப் பரிசோதனைக்கு வர மறுத்து, ‘நான் நோயாளி இல்லை’ என்று கத்துகிறான். வகுப்பிலேயே குள்ளம் அவன்தான். மனநல மருத்துவரிடம் காட்ட வேண்டுமா?

பதில்: அவன் சொல்வது சரி. சிகிச்சை முடிந்து ஆறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டதால், அந்த நோய் திரும்புவது மிக அரிது. இதை அவனிடமே சொல்லுங்கள்.

பெற்றோரிடமிருந்து சற்று விலகி நின்று ‘நான் யார்’ என்று பார்க்கும் வயது இது. அவனுக்கோ சிறு வயது முழுக்க ஊசி போடக் கையை யாரோ பிடித்தார்கள். மருத்துவரிடம் நீங்கள் பேசினீர்கள். உடம்பு லேசாகச் சுட்டாலும் வீடே பதறியது. அவன் உடம்பு அவனுடையதாக இருக்கவில்லை. இப்போது அதைத் திருப்பிக் கேட்கிறான். படத்தைக் கிழித்ததை நான் கோளாறாக எடுத்துக்கொள்ள மாட்டேன். (பிரதி இருந்தால் பத்திரப்படுத்துங்கள்; ஒருநாள் அவனே கேட்கக்கூடும்.)

6 வயதில் ‘இரத்தத்தில் பூச்சி’ என்று எதையோ சொல்லிச் சமாளித்திருப்பீர்கள். 15 வயதில் நோயின் பெயரும் பெற்ற மருந்துகளும் அவனுக்குத் தெரிய வேண்டும். டாக்சோரூபிசின் வகைப் புற்றுநோய் மருந்துகள் சிலருக்குப் பல ஆண்டுகள் கழித்து இதயத்தைத் தளர்த்தலாம்; அதனால்தான் எக்கோ (இதய ஸ்கேன்) எடுக்கிறோம். காரணம் புரிந்தால் வர வாய்ப்பு அதிகம். நண்பர்களிடம் சொல்வதா வேண்டாமா என்பது அவன் முடிவு. உறவினர் வீட்டு விசேஷங்களில் நீங்கள் அந்தக் கதையை எடுக்காதீர்கள்.

உயரக் குறைவை மருத்துவரிடம் காட்டுவதை மட்டும் தள்ளிப்போட வேண்டாம். தலைக்குக் கதிர்வீச்சு கொடுத்திருந்தால் வளர்ச்சி ஹார்மோன் குறைந்திருக்கலாம். எலும்பு முனைகளில் வளரும் பகுதி மூடிவிட்டால் சிகிச்சை பலிக்காது. பாடத்தில் மந்தமாக இருந்தாலும் சோம்பேறி என்று திட்டாதீர்கள். முதுகுத்தண்டில் செலுத்திய மெத்தோட்ரெக்சேட் என்ற புற்றுநோய் மருந்து கவனத்தைப் பாதிப்பதுண்டு.

கோபத்துக்காக மட்டும் மனநல மருத்துவர் தேவையில்லை. தூக்கமும் சாப்பாடும் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டிருந்தால், யாரோடும் சேராமல் இருந்தால் காட்டுங்கள். சாவைப் பற்றிப் பேசினால் அன்றே காட்டுங்கள். 14416 என்ற டெலிமானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலும் பேசலாம்.

அடுத்த முறை மருத்துவமனையில் சிகிச்சை ஃபைலை அவன் கையில் கொடுங்கள். முதல் பத்து நிமிடம் அவனும் மருத்துவரும் தனியாகப் பேசட்டும். அதன்பின் நீங்கள் உள்ளே போகலாம்.