எரிமலைப் பாறையின் காந்தத்தை வைத்து இந்தியா நகர்ந்தது என்கிறார்களே, அது வெறும் ஊகம்தானே?

ஊகம் இல்லை, கணக்கு. பாறையை நீங்கள் நேரில் தொட்டு அளந்திருக்க வாய்ப்பில்லை என்று நினைத்தே விளக்குகிறேன்.

மகாராஷ்டிரத்தின் மகாபலேஷ்வர் பக்கம் தெரியும் தக்காண பசால்ட் என்ற கரும்பாறை சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் வழிந்த எரிமலைக் குழம்பு. ஆறி 580 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கும்போது அதிலுள்ள மேக்னடைட் என்ற இரும்புத் தாதுத் துகள்கள் அன்றைய புவிக்காந்தத் திசையைப் பிடித்துக்கொள்கின்றன. டைட்டானியம் கலந்திருந்தால் அந்த வெப்பநிலை இன்னும் குறையும்.

புவிக்காந்தத்தின் திசை நிலநடுக்கோட்டில் தரையோடு படுத்திருக்கும், துருவத்தில் செங்குத்தாக நிற்கும். தரையோடு அது எடுக்கும் கோணம்தான் சாய்வு. நிலநடுக்கோட்டிலிருந்து எத்தனை டிகிரி தள்ளி இருக்கிறோம் என்பது அட்சம். சூத்திரம் இதுதான்: டான்(சாய்வு) = 2 × டான்(அட்சம்). தக்காணத்தில் சாய்வு ஏறத்தாழ 45 டிகிரி, எனவே அட்சம் 26 அல்லது 27. புவியின் காந்தப் புலம் அவ்வப்போது வடக்கு தெற்காகப் புரளும். புலம் இன்றுபோல் இருந்த காலத்து அடுக்குகளில் அந்தத் திசை மேல்நோக்கிச் சாய்ந்திருக்கிறது. இன்றைய புலம் தெற்கு அரைக்கோளத்தில்தான் அப்படிச் சாயும், அதனால் அது தெற்கு அட்சம். புலம் தலைகீழாக இருந்த காலத்து அடுக்குகளில் இதற்கு நேர் எதிர். அதே இடம் இன்று 18 டிகிரி வடக்கில் இருக்கிறது. வித்தியாசம் சுமார் 45 டிகிரி, அதாவது கிட்டத்தட்ட 5000 கிலோமீட்டர். 1956-லேயே கிளெக், டாய்ச், கிரிஃபித்ஸ் மூவரும் தக்காணப் பாறைகளை அளந்து முடிவுகளை வெளியிட்டுவிட்டார்கள்.

தவறு நடப்பது பெரும்பாலும் களத்தில்தான். வைர முனை டிரில்லில் தண்ணீர் விட்டபடி 25 மில்லிமீட்டர் விட்டத்தில் துளையிடுவார்கள். உள்ளே நிற்கும் கல் உருளையை உடைத்து எடுக்கும் முன்பே அதன் மேல் பித்தளைக் கம்பியால் கோடு கீறி, திசையையும் சரிவையும் குறிக்க வேண்டும். அதற்குள் உடைந்து சுழன்றுவிட்டால் அந்தக் கல் வீண். பசால்ட்டே திசைகாட்டி முள்ளை இழுக்கும், ஆகவே சூரிய நிழலாலும் திசை எடுத்து, மணி நிமிடத்தோடு எழுதி வைக்க வேண்டும். ஓர் அடுக்குக்கு ஆறு முதல் எட்டு உருளை எடுப்பது வழக்கம். மலை உச்சியில் எடுக்கவே கூடாது. இடி விழுந்த இடத்தில் பழைய காந்தம் அழிந்து கன்னாபின்னாவென்று புதிது ஏறியிருக்கும். பாறை மேல் திசைகாட்டியை நகர்த்தும்போது முள் ஆடினால், வேறு இடம் பாருங்கள். சாலை வெட்டோ கல் குவாரியோ நல்லது.

ஆய்வகத்தில் 22 மில்லிமீட்டர் துண்டுகளாக வெட்டி, வெளிக் காந்தப் புலம் நுழையாத அடுப்பில் 100, 200, 300 என்று படிப்படியாக 580 வரை சூடேற்றி, ஒவ்வொரு படியிலும் அளப்பார்கள். பின்னால் ஒட்டிய இன்றைய காந்தம் முதலில் கழன்றுவிடும். கடைசியில் அந்த அளவுகளைக் குறித்த வரைபடத்தில் மையப்புள்ளியை நோக்கி நேராக இறங்கும் பகுதிதான் உண்மைத் திசை. பாதியில் நிறுத்தினால் பழைய காந்தமும் புதியதும் கலந்து பொய்யான அட்சம் வரும்.

“காந்தத் துருவமே அலைகிறதே” என்று கேட்பீர்கள். சரிதான். அதனால்தான் ஒரே அடுக்கை நம்புவதில்லை. பல ஆயிரம் ஆண்டுகளில் வழிந்த பல அடுக்குகளின் சராசரி பூமியின் சுழல் அச்சோடு ஒத்துப்போகும். தீர்க்கரேகை மட்டும் இதில் கிடைக்காது. அதற்கு இந்தியப் பெருங்கடல் தரையின் காந்தப் பட்டைகள், அதாவது புலம் புரண்டதை மாறிமாறிப் பதிந்து வைத்திருக்கும் பாறை வரிகள், வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. இதே கண்ட நகர்வைக் காட்டிக் குமரிக்கண்டத்துக்குச் சான்று என்று காணொளி போடுகிறார்கள். இந்தத் தக்காணக் குழம்பு ஆறியபோது மனித இனமே கிடையாது. தமிழின் தொன்மைக்குக் கீழடி இருக்கிறது, அதைப் பேசுங்கள். இந்தப் பாறைகளை விட்டுவிடுங்கள்.