எழுத்தாளர் என்ன வேலை பார்த்தார்?

வணக்கம் ஐயா,

மலேசியாவில், கெடா மாநிலத்துப் பீடோங்கில் இடைநிலைப்பள்ளித் தமிழாசிரியை நான். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில் மண்டபத்தில் படிவம் 4, 5 பிள்ளைகளுக்காக வாசகர் வட்டம் நடத்துகிறோம். ஒவ்வொரு முறையும் ஓர் எழுத்தாளரின் பிறந்த ஊர், நூல்கள், விருதுகளைச் சொல்வோம். அடுத்த மாதம் கேட்டால் யாருக்கும் ஒன்றும் நினைவில் இருப்பதில்லை. போன மாதம் ரெ. கார்த்திகேசுவைப் பற்றிப் பேசினோம். ஒரு மாணவி, "நம்ம ஊருல பொறந்தவருதானே டீச்சர், 'அந்திம காலம்' நாவல் ஏன் ரப்பர்த் தோட்டத்துக் கதையா இல்ல?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. கூட்டத்துக்கு வந்திருந்த பெரியவர் ஒருவர், "தோட்டத்து நாவலெல்லாம் ஒரே அழுகை, தமிழ்நாட்டு எழுத்தாளர்களைப் படிக்கக் கொடுங்கள்" என்றார். எழுத்தாளரின் வாழ்க்கையைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது? யாரிலிருந்து தொடங்கலாம்?

- ஓர் ஆசிரியை, பீடோங்

அன்புள்ள ஆசிரியைக்கு,

அந்தப் பிள்ளையின் கேள்வியை அப்படியே எழுதி அனுப்பியதற்கு நன்றி. இரண்டு நாளாக அதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பிறந்த தேதியையும் விருதுப் பட்டியலையும் கொஞ்ச காலம் ஒதுக்கி வையுங்கள். எந்த எழுத்தாளரை எடுத்தாலும் பிள்ளைகள் முதலில் ஒன்றைத்தான் தேட வேண்டும்: இவர் சோற்றுக்கு என்ன வேலை பார்த்தார்? தமிழில் எழுதியே பிழைத்தவர்கள் மிகக் குறைவு. ஒருவர் யாரோடு பொழுதைக் கழித்தார், யார் பேச்சைக் கேட்டார், எழுத எந்த நேரம் மிச்சமிருந்தது என்பதையெல்லாம் அவர் பார்த்த வேலைதான் தீர்மானித்தது.

கார்த்திகேசு 1940இல் பீடோங்கில் பிறந்தார். வானொலியில் வேலை பார்த்தார், பிறகு பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 2016இல் மறைந்தார். படித்து வேலைக்குப் போன தமிழர்களின் வீடு, அலுவலகம், வளாகம் இவற்றின் நடுவில்தான் அவருடைய நாட்கள் போயின. 'காதலினால் அல்ல' பல்கலைக்கழகத்தில் நடக்கிறது. 'அந்திம காலம்' புற்றுநோய் வந்த ஒரு பெரியவரின் கதை. மலேசியத் தமிழ் நடுத்தரக் குடும்பத்தை அவரளவு பொறுமையாக உட்கார்ந்து எழுதியவர்கள் அதிகம் இல்லை. தோட்டத்து ஊரில் பிறந்தவர் தோட்டத்தைத்தான் எழுத வேண்டும் என்று நாம் சொன்னால், வெளியே போனவரைத் திரும்பவும் லயத்துக்கே, தோட்டத்து வரிசை வீட்டுக்கே, இழுத்துவருகிறோம். மாணவியிடம் இதைச் சொல்லுங்கள். அவள் ஒத்துக்கொள்ளாவிட்டாலும் நல்லதுதான்.

ப. சிங்காரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சிங்கம்புணரிக்காரர். 1938இல், 18 வயதில், சுமத்ராவின் மேடானுக்குக் கடை வேலைக்குப் போனார். போர் முடிந்து ஊர் திரும்பியபின் மதுரையில் 'தினத்தந்தி'யில் வேலை பார்த்தபடி, தனியாக ஓர் அறையில் வாழ்ந்தார். 'கடலுக்கு அப்பால்' 1959இல் கலைமகள் போட்டியில் பரிசு பெற்றது. 'புயலிலே ஒரு தோணி' அச்சாக 1972 ஆயிற்று. இவ்வளவும் நீங்கள் ஏற்கெனவே சொல்லியிருப்பீர்கள். இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்: 'கடலுக்கு அப்பால்' நாவலில் செல்லையா பினாங்கில் ஒரு வட்டிக்கடையில் வேலை பார்க்கிறான். முதலாளி வானாயினாவின் மகள் மரகதத்தை விரும்புகிறான். இடையில் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்துவிடுகிறான். போர் முடிந்து திரும்பிவந்தால் பெண் கிடைப்பதாக இல்லை. முதலாளிக்கு அவன்மேல் பகை ஒன்றும் கிடையாது. துப்பாக்கி பிடித்த கை இனிக் கணக்கு எழுத உதவாது, கடைக்கு அடங்கி நடக்காது என்பது அவருடைய தீர்ப்பு. அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று படிநிலை போட்டு நடக்கும் அந்தக் கடைக்குள் இளம் வயதில் வேலை பார்த்த ஒருவரால்தான் ஒரு காதல் இப்படி முறியும் என்று எழுத முடியும். கண்ணீர்விட்டுக் கதறும் இடமே இல்லை. ஆனாலும் அந்தப் பகுதியைப் படித்துவிட்டு உடனே அடுத்த பக்கத்துக்குப் போக என்னால் முடிவதில்லை.

கு. அழகிரிசாமி 1952 முதல் 1957 வரை கோலாலம்பூரில் 'தமிழ் நேசன்' ஆசிரியர் குழுவில் இருந்தார். இங்கேதான், 1955இல், திருமணமும் செய்துகொண்டார். ஆனாலும் அவர் பெயரைச் சொன்னால் 'ராஜா வந்திருக்கிறார்' போன்ற கரிசல்காட்டுக் கதைகள்தான் நம் நினைவுக்கு வருகின்றன. அவரிடமிருந்து இந்த நாட்டுக்குக் கிடைத்தது வேறொன்று. இங்கே எழுத வந்த இளைஞர்களைக் கூட்டி உட்காரவைத்து, கதை என்றால் என்ன என்று பேசினார். அவர் வருவதற்கு முன்பே, 1950இல், சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் அதே 'நேச'னில் கதை வகுப்பு நடத்தியிருந்தார்கள். பத்திரிகை போய்ச் சேர்ந்த இடமெல்லாம் பாடமும் போய்ச் சேர்ந்தது. அகிலன் 1975இல் தமிழ்நாட்டிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போய்ப் 'பால்மரக்காட்டினிலே' எழுதினார். நல்ல மனசோடு எழுதிய நாவல். ஆனால் ஒரு விருந்தாளியிடம் நம் ஆட்கள் என்ன சொல்வார்களோ அதுதான் அதில் இருக்கிறது.

சரி, தோட்டத்துக்குள்ளிருந்து யார் எழுதினார்கள்? பெரும்பாலும் ஆசிரியர்கள். 'நினைவுச்சின்னம்', 'லங்காட் நதிக்கரை' எழுதிய அ. ரெங்கசாமி ஆசிரியர். நம் பக்கத்து ஊரான சுங்கைப் பட்டாணியின் கோ. புண்ணியவானும் ஆசிரியர்.

காரணத்தைத் தேடி எங்கும் போக வேண்டாம், பால் வெட்டுபவரின் ஒரு நாளைப் பார்த்தாலே போதும். என் அம்மா வெட்டுக்காரர். விடியுமுன் பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு. பெயர் கொடுத்துவிட்டு, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தீம்பாருக்குள், ரப்பர்க் காட்டுக்குள், போவார். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால் இருட்டிலேயே உளியைப் போட்டாக வேண்டும். மரம் மரமாகப் போய், முந்தைய வெட்டில் உறைந்து கிடக்கும் கோட்டுப்பாலை உரித்து, வெட்டுக்கோட்டில் மெல்லிசாக ஒரு சீவல். ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம், மேற்பார்க்கும் மண்டோர் திட்டுவார். மேலாகப் போனால் பால் வராது. நிரை முடிந்ததும் திரும்பி நடந்து, மரத்தில் வைத்த மங்கு மங்காகப் பாலை ஊற்றிச் சேர்த்து, காண்டாக் கம்பில் இரண்டு பக்கமும் வாளியைத் தொங்கவிட்டுக்கொண்டு ஸ்டோருக்கு. அங்கே நிறுவை. அப்புறம் வீடு, அடுப்பு, துணி, பிள்ளைகள். மழை பெய்தால் வெட்டு இல்லை, அன்றைக்குக் கூலியும் இல்லை. அம்மாவுக்குக் கதை சொல்லத் தெரியும், எழுத்துக்கூட்டி வாசிக்கவும் தெரியும். உட்கார்ந்து எழுதத்தான் ஒரு மணி நேரம்கூட இல்லை. பள்ளிக்கூடத்து வாத்தியாருக்கு மத்தியானத்துக்குமேல் மேசையும் நாற்காலியும் இருந்தன. தோட்டத்தை எழுத வேண்டும் என்ற பொறுப்பும் அவர் தோளில் விழுந்தது.

இதனால் ஒரு குறையும் வந்தது. நம் நாவல்கள் பலவற்றில் பள்ளிக்கூடமும் படிக்கத் துடிக்கும் பையனும் நன்றாக வருகிறார்கள். வெட்டுக்காட்டுக்குள் நடக்கும் அந்த நாலைந்து மணி நேரம் சில வரிகளில் முடிந்துபோகிறது. அங்கே நின்றவர் பேனா பிடிக்கவில்லை. சயாம் மரண ரயிலின் கதையும் இப்படித்தான் தாமதமாக எழுத்துக்கு வந்து சேர்ந்தது. 1942, 43இல் ஜப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட ஆட்களைக் கொண்டுபோனபோது, மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் பல்லாயிரம் பேர் அங்கேயே மடிந்தார்கள். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவல் 1993இல் வந்தது. ஏறத்தாழ 50 ஆண்டுகள்! உயிரோடு திரும்பியவர்கள் மறுபடியும் உளியைத்தான் எடுத்தார்கள். அவர்கள் சொன்னதைக் கேட்டு எழுத அடுத்த தலைமுறை படித்துவர வேண்டியிருந்தது.

பார்த்த வேலைதான் எல்லாவற்றையும் முடிவுசெய்கிறது என்றால் புதுமைப்பித்தன் எப்படி எழுதினார் என்று உங்கள் பிள்ளைகளில் யாராவது கேட்கலாம். கேட்க வேண்டும். அவர் தாசில்தார் மகன், பத்திரிகையில் வேலை பார்த்தவர். ஒரு தேயிலைக் கொழுந்துகூடக் கிள்ளியிருக்க மாட்டார். 'துன்பக்கேணி'யோ தோட்டத்தைப் பற்றித் தமிழில் வந்தவற்றுள் முதன்மையானது என்பேன். மருதி திருநெல்வேலிக் கிராமத்திலிருந்து இலங்கைத் தோட்டத்துக்குப் போகிறாள். அவள் கிளம்பிய கிராமத்தைப் புதுமைப்பித்தனுக்கு அடிமுதல் நுனிவரை தெரியும். அங்கே யாருக்கு நிலம், யாருக்குக் கூலி, யார் சொன்னால் போலீஸ் வரும் என்பதெல்லாம் தெரியும். ஊரிலேயே நடந்த கொடுமையை முதலில் காட்டியதால்தான் அவர் காட்டும் தோட்டத்தையும் நாம் நம்புகிறோம். நம் எழுத்தாளர்கள் பலர் கப்பலிலிருந்து இறங்கிய பிறகுதான் கதையைத் தொடங்குகிறார்கள். ஏன் ஏறினார்கள் என்பது விட்டுப்போகிறது.

அழுகை என்று சொன்ன பெரியவரிடம் எனக்குக் கோபமில்லை. அவர் அப்படிப்பட்ட நாவல்களை நிறையப் படித்திருப்பார், இருக்கத்தான் செய்கின்றன. அவருக்குச் சீ. முத்துசாமியின் 'மண்புழுக்கள்' கொடுத்துப் பாருங்கள். 2017இல் விஷ்ணுபுரம் விருது பெற்றவர், கெடாக்காரர். தோட்டத்துப் பேச்சு அதில் அப்படியே வருகிறது, கெட்ட வார்த்தையும் கேலியும் உட்பட. அந்த மனிதர்கள் யாருடைய இரக்கத்துக்கும் காத்திருப்பதில்லை.

பிள்ளைகளுக்கு முதல் மாதம் 'துன்பக்கேணி' போதும். கொஞ்சம் நீளம், இரண்டு வாரம் முன்னதாகவே கொடுத்துவிடுங்கள். மருதியைத் தோட்டத்துக்கு அனுப்பியதில் யார் யாருக்கு என்ன லாபம் என்று அவர்களே கணக்குப் போட்டு வரட்டும். அடுத்தது 'கடலுக்கு அப்பால்'. 'புயலிலே ஒரு தோணி' இந்த வயதுக்கு வேண்டாம். மேடான் தெருக்களில் தொலைந்துபோய்ப் புத்தகத்தை மூடிவிடுவார்கள். மூன்றாவதாக 'நினைவுச்சின்னம்'. அது கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை. என்னிடம் ஒரு பிரதி இருக்கிறது, அடிக்கோடெல்லாம் போட்டு வைத்திருக்கிறேன். அடுத்த கூட்டத்துக்கு முன் யாரையாவது அனுப்புங்கள், கொடுத்துவிடுகிறேன். எல்லாரும் படித்து முடித்தபின் திரும்பிவந்தால் போதும்.

அன்புடன்.