ஏர்லைன்ஸ் ஸ்டாஃப் சம்பளமே கம்மி, இதுல பயணிகள் இழப்பீடு கேக்கறது நியாயமா?

கேள்வி இதுதான்: "விமான நிறுவனங்கள்ல வேலை பாக்குறவங்களுக்கு சம்பளமே ரொம்ப கம்மின்னு சொல்றாங்க. அப்படி இருக்கப்ப ஃப்ளைட் லேட்டானா, கேன்சலானா உரிமை, இழப்பீடுன்னு நாம அவங்களை நெருக்குறது சரியா?"

தாராளமா கேளுங்க. கேக்காம விடுறதுதான் தப்பு. ஆனா யார்கிட்ட கேக்குறோம்ங்கறதுல தான் எல்லாமே இருக்கு. நான் சென்னை ஏர்போர்ட்ல ஒரு கிரவுண்ட் ஹேண்ட்லிங் காண்ட்ராக்ட் கம்பெனி மூலமா செக்-இன் கவுண்டர்லயும் போர்டிங் கேட்லயும் சில வருஷம் வேலை பாத்திருக்கேன், இப்ப அந்த ஃபீல்டுல இல்ல, அதனால கொஞ்சம் வெளிப்படையாவே சொல்றேன்.

முதல்ல ஒரு விஷயம். கவுண்டர்ல நிக்கிறவங்க சட்டைல ஏர்லைன் பேர் இருக்கும், ஆனா பல இடத்துல சம்பளம் போடுறது வேற ஒரு ஹேண்ட்லிங் கம்பெனி. லோடர், கிளீனர், வீல்சேர் தள்ளுற பையன் எல்லாம் பெரும்பாலும் காண்ட்ராக்ட் தான். 2024 ஜூலைல மும்பை கலினால ஏர் இந்தியா ஏர்போர்ட் சர்வீசஸ் லோடர் மாதிரியான வேலைக்கு ஆள் எடுத்தப்ப நடந்தது ஞாபகம் இருக்கா? சுமார் 2,200 இடம், வந்து நின்ன கூட்டம் 25,000 பேருக்கு கிட்டன்னு செய்தி வந்துச்சு, சம்பளம் மாசம் இருபதாயிரத்து சொச்சம். டிகிரி முடிச்ச பசங்களும் அந்த க்யூல நின்னாங்க. ஒருத்தர் போனா பத்து பேர் ரெடியா நிப்பாங்கன்னு தெரிஞ்ச இடத்துல சம்பளம் எப்படி ஏறும் சொல்லுங்க.

கேபின் க்ரூ கதை இன்னொரு மாதிரி. ஒரு ஃபிக்ஸட் தொகை, அதுக்கு மேல பறக்குற மணிநேரத்துக்கு அலவன்ஸ். அந்த மணிக்கணக்கு பெரும்பாலான ஏர்லைன்ல ஃப்ளைட் பே-யை (விமானம் நிறுத்தி வச்சிருக்கிற இடம்) விட்டு நகர்ந்ததுல இருந்து போய் சேர்ந்து நிக்கிற வரைக்கும் தான் ஓடும். நீங்க ஏறி உக்காந்தும் விமானம் மூணு மணி நேரம் நகராம நிக்கிறப்ப, உங்களுக்கு தண்ணி கொடுத்துட்டு சிரிச்சுக்கிட்டு நிக்கிற அந்த பொண்ணுக்கும் அந்த மூணு மணி நேரத்துக்கு மீட்டர் ஓடாது. லேட்டுனால நஷ்டப்படுறது பயணி மட்டும் இல்ல.

இப்ப மெயின் மேட்டருக்கு வரேன். நீங்க கவுண்டர்ல கத்துறதுனால கம்பெனிக்கு ஒரு ரூபா கூட செலவு கிடையாது. அந்த திட்டு வாங்குறதுக்கும் சேர்த்து தான் அந்த இருபதாயிரம். ஆனா நீங்க ரூல் சொல்லி, எழுத்துல இழப்பீடு கேட்டா அது ஏர்லைன் கணக்குல செலவா உக்காரும், யாரு சம்பளத்துலயும் பிடிக்க மாட்டாங்க, மேல இருக்கிறவங்க அதை பாத்தே ஆகணும். ஸ்டாண்ட்பை க்ரூ வச்சுக்கலாமா, கூட ரெண்டு பேரை கவுண்டர்ல போடலாமா, இவ்ளோ டைட்டா ரோஸ்டர் (டியூட்டி அட்டவணை) போடணுமான்னு யோசிக்க வைக்கிறது அந்த செலவு மட்டும் தான். அதனால பயணி உரிமையும் ஊழியர் சம்பளமும் எதிரெதிர் பக்கம்னு நினைக்கிறதை நான் ஒத்துக்கவே மாட்டேன்.

ஒரு ராத்திரி ஃப்ளைட் நல்லா ஞாபகம் இருக்கு. கிளம்ப வேண்டியது பத்து மணிக்கு மேல, தள்ளி தள்ளி காலைல தான்னு ஆயிடுச்சு. கேட்ல ஒரே சத்தம், என்கூட நின்ன பொண்ணுக்கு கண்ணுல தண்ணி. ஒரு பெரியவர் மட்டும் அமைதியா வந்து, "தம்பி, உன்னால எதுவும் முடியாதுன்னு தெரியும், டியூட்டி மேனேஜரை கூப்பிடு, ராத்திரி எட்டுல இருந்து மூணு மணிக்குள்ள கிளம்ப வேண்டிய ஃப்ளைட் ஆறு மணி நேரத்துக்கு மேல லேட்டுன்னா ஹோட்டல் கொடுக்கணும்னு டிஜிசிஏ (விமானப் போக்குவரத்தை கண்காணிக்கிற அரசு அமைப்பு) ரூல் இருக்கு, முடியாதுன்னா முடியாதுன்னு எழுதிக் கொடுக்கச் சொல்லு"ன்னார். அவ்ளோ தான். அரை மணி நேரமா போனை எடுக்காத டியூட்டி மேனேஜர் கீழ இறங்கி வந்தார், பஸ் வந்துச்சு, எல்லாருக்கும் ரூம் கிடைச்சுது. அத்தனை பேர் போட்ட சத்தத்துக்கு நகராத விஷயம் "எழுதிக் கொடு"ங்கற ஒரு வார்த்தைக்கு நகர்ந்துச்சு.

அந்த ரூலை கொஞ்சம் சொல்லிடறேன், ஏன்னா நிறைய பேருக்கு இது இருக்கிறதே தெரியாது. 2010-ல டிஜிசிஏ கொண்டு வந்து 2016 ஆகஸ்ட்ல தொகையை ஏத்தினாங்க. ரெண்டு வாரத்துக்கு முன்னாடியே கேன்சல்னு சொல்லிட்டா வேற ஃப்ளைட் இல்ல ரீஃபண்ட், அதோட சரி. ஒழுங்கா சொல்லாம கேன்சல் பண்ணா இழப்பீடு உண்டு: ஒரு மணி நேரத்துக்குள்ள முடியிற பயணம்னா 5,000, ரெண்டு மணி நேரம் வரைக்கும் 7,500, அதுக்கு மேல 10,000, இல்லன்னா ஒருவழி அடிப்படை கட்டணம் பிளஸ் ஃப்யூல் சார்ஜ், இதுல எது கம்மியோ அது. சீட்டை விட அதிகமா டிக்கெட் வித்துட்டு உங்களை ஏத்தாம விட்டா கணக்கு வேற, ஒரு மணி நேரத்துக்குள்ள மாத்து ஃப்ளைட் கொடுக்கலன்னா கட்டணத்தைப் போல ரெண்டு மடங்கு, உச்சவரம்பு 10,000, அந்த மாத்து ஃப்ளைட் 24 மணி நேரத்துக்கும் மேல போச்சுன்னா நாலு மடங்கு, உச்சவரம்பு 20,000. ரெண்டரை மணி நேரத்துக்குள்ள முடியிற ஃப்ளைட்னா ரெண்டு மணி நேரம் லேட்டானாலே சாப்பாடு கொடுக்கணும்.

இன்னொன்னு, டிக்கெட் போடறப்ப உங்க சொந்த நம்பரை கொடுங்க. ஏஜென்ட் கிட்ட போட்டா பல தடவை அவர் நம்பரே சிஸ்டத்துல இருக்கும், சரியான காண்டாக்ட் கொடுக்காத பயணிக்கு பண இழப்பீடு கிடையாதுன்னு அதே ரூல்ல ஒரு வரி இருக்கு. இதனால கைல வர வேண்டிய காசை விட்டவங்களை நான் கவுண்டர்ல நிறைய பாத்திருக்கேன்.

ஆனா அதே ரூல்ல ஒரு பெரிய ஓட்டை இருக்கு, எனக்கு கோவம் வர்ற இடம் அதுதான். "அசாதாரண சூழ்நிலை"ன்னா இழப்பீடு வேண்டாம்னு சொல்லி புயல், வெள்ளம், கலவரம்னு போடற பட்டியல்ல வேலைநிறுத்தம், தொழிலாளர் தகராறையும் சேர்த்திருக்காங்க. அதாவது தன் சொந்த ஸ்டாஃபுக்கு ஒழுங்கா சம்பளம் கொடுக்காம, பேச வந்தவங்களையும் கண்டுக்காம, கடைசில அவங்க வேலைக்கு வராம போனா கம்பெனிக்கு அது புயல் வந்த மாதிரி! 2024 மே மாசம் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ்ல இதுதான் நடந்துச்சு. அலவன்ஸ், சம்பள அமைப்பு, ஏஐஎக்ஸ் கனெக்ட் (பழைய ஏர்ஏசியா இந்தியா) கூட இணைக்கிற வேலை நடந்தப்ப தங்களை நடத்துற விதம் எல்லாத்துலயும் மனக்குறை இருந்த கேபின் க்ரூ ஒரே நேரத்துல சிக் லீவ் போட்டாங்க, ஃப்ளைட் வரிசையா கேன்சல். கல்ஃபுக்கு வேலைக்கு திரும்ப வேண்டியவங்க, விசா முடியப் போறவங்க எல்லாம் கேரளா ஏர்போர்ட்கள்ல நின்னாங்க. கம்பெனி 25 பேரை டிஸ்மிஸ் பண்ணுச்சு, அப்புறம் டெல்லில தலைமை தொழிலாளர் ஆணையர் முன்னாடி உக்காந்து பேசி திரும்ப எடுத்துக்கிட்டாங்க. ரெண்டு நாள்ல உக்காந்து பேச முடிஞ்ச விஷயத்தை ஏன் முன்னாடியே பேசல? பேசாம இருக்கிறதுக்கு பெருசா விலை இல்ல, அதனால தான்.

இதை ஐரோப்பாவோட வச்சு பாருங்க. 2016 அக்டோபர்ல ஜெர்மனியோட டூயிஃப்ளை கம்பெனில மறுசீரமைப்புன்னு அறிவிச்ச உடனே பைலட்டும் க்ரூவும் கூட்டமா சிக் லீவ் போட்டாங்க, அச்சு அசலா நம்ம ஊர்ல நடந்த மாதிரியே. பயணிகள் கோர்ட்டுக்கு போக, 2018-ல ஐரோப்பிய யூனியன் நீதிமன்றம் இது அசாதாரண சூழ்நிலை கிடையாது, மறுசீரமைப்பு பண்றதும் அதனால ஸ்டாஃப் கூட மோதல் வர்றதும் கம்பெனி நடத்துறதுல வழக்கமா வர்ற விஷயம், இழப்பீடு கொடுன்னு சொல்லிடுச்சு. 2021-ல எஸ்ஏஎஸ்ங்கற ஸ்காண்டிநேவிய ஏர்லைனோட பைலட் யூனியன் ஸ்ட்ரைக் கேஸ்லயும், அது முறைப்படி அறிவிச்சு நடந்த ஸ்ட்ரைக்கா இருந்தும் அதே தீர்ப்பு. அங்க தொகையும் தூரத்தை பொறுத்து 250, 400, 600 யூரோ. ஒரு விமானத்துல 180 பேர், ஆளுக்கு 250 யூரோன்னு போட்டு பாருங்க, ஒரே ஒரு ஃப்ளைட்டுக்கு 45,000 யூரோ. ஸ்ட்ரைக் நடக்க விடலாமா இல்ல சம்பளத்தை ஏத்தி முடிச்சிடலாமான்னு மேனேஜ்மென்ட் கணக்கு போடறப்ப இந்த தொகை தொழிலாளி பக்கம் நிக்குது. பயணியோட உரிமை ஊழியரோட பேரம் பேசுற பலமா மாறுற இடம் இது.

கனடால பயணி உரிமை சட்டம் 2019-ல வந்துச்சு, ஆனா கம்பெனிக்குள்ள நடக்கிற ஸ்ட்ரைக்கை கம்பெனி கைல இல்லாத விஷயம்னு அவங்களும் எழுதி வச்சிருக்காங்க. 2025 ஆகஸ்ட்ல ஏர் கனடா ஃப்ளைட் அட்டெண்டன்ட்ஸ் பத்தாயிரம் பேர், ஆளை ஏத்துற நேரம் தரைல நாங்க பாக்குற வேலைக்கும் காசு கொடுன்னு ஸ்ட்ரைக் பண்ணாங்க. அரசாங்கம் சில மணி நேரத்துலயே வேலைக்கு திரும்புன்னு உத்தரவு போட்டும் அவங்க அசையல, 19-ம் தேதி ஒப்பந்தம் வந்து தரை நேரத்துக்கும் ஒரு பங்கு காசுன்னு ஆச்சு. ஸ்ட்ரைக்ல மாட்டிக்கிட்டா நமக்கு முதல்ல க்ரூவைத் தான் திட்டத் தோணும். தரைல சம்பளமே இல்லாம வேலை வாங்கின கம்பெனியை திட்டுறவங்க எத்தனை பேர்?

இதே மாதிரி தான் 2025 டிசம்பர் முதல் வாரத்துல இங்க இண்டிகோ விஷயமும். பைலட்டுக்கு வார ஓய்வு 36 மணி நேரத்துல இருந்து 48, ராத்திரி லேண்டிங் ஆறுல இருந்து ரெண்டுன்னு ரூல் மாறப் போகுதுன்னு 2024 ஜனவரிலயே தெரியும். அதுக்கு ஏத்த மாதிரி ஆள் கைல இல்ல. ஒரே நாள்ல ஆயிரத்துக்கு மேல ஃப்ளைட் கேன்சல். டிவில பாத்தீங்கன்னா கவுண்டரை சுத்தி கூட்டம், உள்ள இருபத்தி ரெண்டு இருபத்தி மூணு வயசு பசங்க. ஆள் எடுக்கலாமா வேண்டாமான்னு முடிவு பண்ணவங்க ஒருத்தரும் அங்க இல்ல. கடைசில அரசாங்கம் கொடுத்தது பைலட் ஓய்வு விதில இருந்து கம்பெனிக்கு தற்காலிக விலக்கு, அதாவது களைப்பான பைலட் தான் உங்க விமானத்தை ஓட்டிட்டு போவார்னு அர்த்தம்.

களைப்பு, சம்பளம், உங்க உயிரு எல்லாம் ஒண்ணோட ஒண்ணு பின்னிக் கிடக்கு. 2009 பிப்ரவரில அமெரிக்கால பஃபலோ பக்கம் கோல்கன் ஏர் விமானம் விழுந்து 50 பேர் போனாங்க. கேப்டன் தப்பா கண்ட்ரோல் பண்ணது தான் காரணம்னு அறிக்கை, ஆனா விசாரணைல வெளிய வந்தது என்னன்னா துணை பைலட்டா இருந்த ஒரு பொண்ணுக்கு சம்பளம் ரொம்ப கம்மி, டியூட்டி கிளம்புற நியூ ஜெர்சி பக்கம் வீடு எடுக்க கட்டுப்படி ஆகாம சியாட்டில்ல அப்பா அம்மா வீட்ல இருந்து ராத்திரி முழுக்க வேற விமானங்கள்ல வந்து டியூட்டில ஏறியிருக்காங்க. சம்பளம் அவங்க பிரச்சனை, சேஃப்டி என் பிரச்சனைன்னு பயணி பிரிச்சு பாக்கவே முடியாது.

"ரெண்டாயிரம் ரூபா டிக்கெட்டுக்கு பத்தாயிரம் இழப்பீடா, அப்புறம் டிக்கெட் விலை ஏறும்"னு சொல்றவங்க இருக்காங்க. ஐரோப்பால அந்த விதி 2005-ல இருந்து அமல்ல இருக்கு, ரயன்ஏர் மாதிரி சீப் டிக்கெட் கம்பெனிகள் அதுக்கு நடுவுல தான் பெருசா வளர்ந்துச்சு. சீக்கிரம் மூடுற கம்பெனி இழப்பீடு கொடுத்து மூடல, கிங்ஃபிஷர், ஜெட், கோ ஃபர்ஸ்ட் எதை வேணா எடுத்துக்கோங்க. கிங்ஃபிஷர், ஜெட் ரெண்டுலயும் மாசக்கணக்கா சம்பளம் வராம ஸ்டாஃப் நின்னாங்க, மூணுலயும் டிக்கெட் காசு திரும்ப வராம பயணி நின்னாங்க. திவால்னு ஆயிட்டா ஸ்டாஃப் பாக்கிக்காவது சட்டத்துல ஓரளவு முன்னுரிமை இருக்கு, உங்க ரீஃபண்ட் அதுக்கும் பின்னாடி.

அதனால நான் கேக்குறது ரெண்டே விஷயம். டிஜிசிஏ ரூல்ல கம்பெனியோட சொந்த ஸ்டாஃப் ஸ்ட்ரைக்கை அந்த விலக்கு பட்டியல்ல இருந்து எடுக்கணும். அதுக்கு முன்னாடி நீங்க, இப்ப இருக்கிற ரூலையாவது முழுசா பயன்படுத்துங்க. கேட்ல நின்னப்ப எங்களுக்கு சொல்லிக் கொடுத்த பதில் "ஆபரேஷனல் ரீசன்". அதோட விட்டுடாதீங்க, என்ன ரீசன்னு ஈமெயில்ல கேளுங்க, போர்டிங் பாஸ், வந்த எஸ்எம்எஸ் எல்லாத்தையும் வச்சுக்கோங்க. முதல்ல ஏர்லைனோட நோடல் ஆபீசர் (புகாரை கவனிக்கிற அதிகாரி), பதில் வரலன்னா அரசாங்கத்தோட ஏர்சேவா போர்ட்டல், அதுக்கும் மேல 1915 நுகர்வோர் ஹெல்ப்லைன், மாவட்ட நுகர்வோர் ஆணையம். அஞ்சு லட்சம் வரைக்கும் ஆணையத்துல ஃபீஸ் கிடையாது, வக்கீல் இல்லாம நீங்களே போகலாம்.

புகார்ல கவுண்டர்ல நின்ன பையன் பேரையோ பேட்ஜ் நம்பரையோ போடாதீங்க, அவங்க உங்களை நிஜமாவே அவமானப்படுத்தியிருந்தா தவிர. பேர் போட்டீங்கன்னா கம்பெனி ரொம்ப சுலபமா அந்த பையனுக்கு ஒரு மெமோ கொடுத்து ஃபைலை மூடிடும், உங்களுக்கும் காசு வராது. ஃப்ளைட் நம்பர், தேதி, எத்தனை மணி நேரம் லேட், எந்த விதிப்படி எவ்ளோ தரணும்னு மட்டும் எழுதி, கம்பெனி பேருக்கு அனுப்புங்க.