3.8 கெர்னலுக்கு எந்த டூல்செயின்?

கேள்வி: எங்கள் பட்டறை இயந்திரம் ஒன்றில் பீகிள்போன் பிளாக் என்ற சின்ன ஆர்ம் கணினி போர்டு இருக்கிறது. அதில் டெபியன் 7 லினக்ஸ், கெர்னல் (லினக்ஸின் உட்கரு) 3.8.13-போன்50. உபுண்டு 22.04 லேப்டாப்பில் போர்டுக்காகக் கிராஸ் கம்பைல் செய்த புரோகிராமைப் போர்டில் ஓட்டினால், 'ஜிலிப்சி 2.34 இல்லை' என்று நின்றுவிடுகிறது. நான் எழுதிய டிரைவர் மாட்யூலைக் கெர்னலில் ஏற்றினால் 'இன்வேலிட் மாட்யூல் ஃபார்மட்'. இந்தக் கெர்னலுக்கு ஒத்துப்போகும் டூல்செயின் (கம்பைலர், நூலகங்களின் தொகுப்பு) எது? இல்லை, கெர்னலையே மாற்றிவிடலாமா?

பதில்: கெர்னலில் இப்போதைக்குக் கை வைக்க வேண்டாம். இரண்டு பிழைகளும் சேர்ந்து வந்ததால் ஒரே காரணம்போலத் தெரிகிறது. உண்மையில் முதல் பிழைக்கும் கெர்னலுக்கும் சம்பந்தமே இல்லை.

ஜிலிப்சி என்பது புரோகிராம்கள் நம்பியிருக்கும் சி நூலகம். போர்டில் இருக்கும் ஜிலிப்சி 2.13. உபுண்டு 22.04-இல் இருப்பது 2.35. 2021-இல் வந்த 2.34 பதிப்பில் தனியாக இருந்த பிதிரெட் (த்ரெட்) நூலகத்தை முதன்மை சி நூலகமான லிப்சியோடு சேர்த்தார்கள். அந்தப் பதிப்பில் புரோகிராமைத் தொடங்கிவைக்கும் ஃபங்ஷனுக்கும் புதிய பதிப்பு எண் விழுந்தது. அதனால் 'ஹலோ' என்று அச்சிடும் நாலு வரி புரோகிராமைக்கூட 22.04-இல் கம்பைல் செய்தால் அது 2.34-ஐக் கேட்கும். அதற்கு முந்தைய டூல்செயின்களில் ஆர்ம் போர்டுக்கு இதே புரோகிராம் வெறும் 2.4-ஐத்தான் கேட்கும். ஆகவே லேப்டாப்பிலேயே உபுண்டு 20.04 கன்டெய்னர் (தனித்து ஓடும் சூழல்) ஒன்றில் கம்பைல் செய்து பாருங்கள். அங்கே ஜிலிப்சி 2.31; பல புரோகிராம்களுக்கு அதுவே போதும். ஆனால் பவ், எக்ஸ்ப், லாக் போன்ற கணித ஃபங்ஷன்கள் இருந்தால் மாட்டிக்கொள்வீர்கள், அவற்றுக்கு 2.29-இல் புதிய எண் வந்துவிட்டது. போர்டுக்கு அனுப்பும் முன் ரீட்எல்ஃப் கட்டளையில் பெரிய வி ஆப்ஷன் கொடுத்து, புரோகிராம் கேட்கும் பதிப்பு எண்களைப் பாருங்கள். 2.13-க்கு மேல் ஏதாவது எண் தெரிந்தால் அனுப்பிப் பயனில்லை.

கன்டெய்னர் வேண்டாமென்றால் ஸ்டாட்டிக் லிங்க் செய்யலாம், அதாவது நூலகத்தையும் புரோகிராம் ஃபைலுக்குள்ளேயே சேர்த்துவிடலாம். கெர்னல் பதிப்பைப் பார்க்க வேண்டிய இடம் இதுதான். ஒவ்வொரு ஜிலிப்சியும் 'இதற்குக் கீழே ஓடமாட்டேன்' என்று ஒரு கெர்னல் எண் வைத்திருக்கும். கம்பைல் ஆன ஃபைலின் மேல் 'ஃபைல்' கட்டளையை ஓட்டினால் அந்த எண் தெரியும், 22.04-இல் அது 3.2.0. உங்களிடம் இருப்பது 3.8, தாராளமாக ஓடும். இதுவே 2.6 கெர்னல் போர்டாக இருந்தால் 'கெர்னல் டூ ஓல்ட்' என்று முகத்தில் அடித்ததுபோல் சொல்லிவிட்டு நின்றிருக்கும். ஒரு சிக்கல் உண்டு. ஸ்டாட்டிக் ஜிலிப்சியில் டிஎன்எஸ் பெயர் தேடல் சரியாக வேலை செய்யாது, நெட்வொர்க் புரோகிராம் என்றால் மசல் என்ற மாற்று சி நூலகத்தை வைத்துக் கம்பைல் செய்வது நல்லது.

சரி, மாட்யூலுக்கு வருவோம். இங்கே நிலைமை தலைகீழ். லினக்ஸ் கெர்னல் சாதாரண புரோகிராம்களுக்குக் கொடுத்த இடைமுகத்தை உடைப்பதில்லை, பழைய பைனரி புதிய கெர்னலிலும் ஓடும். கெர்னலுக்கு உள்ளே அப்படி எந்த உத்தரவாதமும் கிடையாது. மாட்யூலைக் கம்பைல் செய்த கெர்னலின் பெயர் கடைசி எழுத்துவரை பொருந்த வேண்டும். மாட்இன்ஃபோ கட்டளை காட்டும் வெர்மேஜிக் வரியையும் (மாட்யூல் எந்தக் கெர்னலுக்கானது என்று அது சொல்லும்) போர்டில் யூநேம் கட்டளை காட்டும் பதிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். '-போன்50' விட்டுப்போயிருக்கும், அல்லது கிட்டில் (git) எடுத்த கெர்னல் மூலத்திலிருந்து கம்பைல் செய்ததால் கடைசியில் ஒரு கூட்டல் குறி ஒட்டியிருக்கும். பெயர் பொருந்தினாலும் கான்ஃபிக் (கெர்னலைக் கம்பைல் செய்த அமைப்புகள்) வேறாக இருந்தால் ஆபத்துதான். ஃபோர்ஸ் கொடுத்து ஏற்றவே ஏற்றாதீர்கள்.

இன்னொன்று, 22.04-இன் கம்பைலரான ஜிசிசி 11-ஆல் 3.8 கெர்னல் மூலத்தைக் கம்பைல் செய்யவே முடியாது. ஜிசிசியின் ஒவ்வொரு பெரிய பதிப்புக்கும் தனி ஹெடர் ஃபைல் வைத்திருந்த காலத்துக் கெர்னல் அது. அதில் ஜிசிசி 3, 4 இரண்டுக்கும்தான் ஃபைல் உண்டு. 4-க்கானதைக் காப்பி எடுத்து 11 என்று பெயர் மாற்றச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். வீட்டில் விளையாடும் போர்டென்றால் பரவாயில்லை, ஓடும் இயந்திரத்தில் நான் செய்யமாட்டேன். அதே 3.8.13-போன்50 பெயருள்ள கெர்னல் ஹெடர் பேக்கேஜைப் போர்டில் நிறுவி, டெபியன் 7-இன் சொந்த ஜிசிசியால் அங்கேயே கம்பைல் செய்யுங்கள். சின்ன டிரைவருக்கு கிராஸ் கம்பைலரே தேவையில்லை.

கெர்னலை மாற்றுவது பற்றியும் கேட்டீர்கள். 3.8-இல் கேப் மேனேஜரின் (போர்டின் பின்களையும் கூடுதல் பலகைகளையும் அமைக்கும் கெர்னல் பகுதி) ஸ்லாட்ஸ் ஃபைலில் எழுதிப் பின்களை அமைத்திருப்பீர்கள். பிற்காலக் கெர்னல் இமேஜ்களில் அந்த வேலை கெர்னலைத் தொடங்கிவைக்கும் யூ-பூட்டுக்குப் போய்விட்டது. கெர்னலை மாற்றினால் பின் அமைப்பு, மாட்யூல் இரண்டையும் திரும்ப எழுத வேண்டியிருக்கும். ஆகவே இயந்திரத்தை நிறுத்த முடிகிற சமயத்தில், தனி எஸ்டி கார்டில் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.